கூலியைக் கொடு, குப்பியை நீட்டாதே!

தமிழர் வாழ்வில் கொட்டும் குழலும் இல்லாத நிகழ்ச்சி இல்லை. மணவீட்டில் நாகசுரமும் தவிலும் ஓங்கி முழங்குகையிலேயே தாலி ஏறுகின்றது. ஊர்த் திருவிழாவில் நையாண்டி மேளம் எழுந்த பின்னரே கரகம் ஆடுகின்றது. சாவு வீட்டில் பறை அதிர்ந்த பின்னரே பாடை எழுகின்றது. நம் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் ஒலிவடிவம் தருபவர் இசைவாணரே. ஆயினும், அவ்வொலியை எழுப்பும் கைகளுக்கு நாம் கொடுப்பது யாது? பேசிய கூலியில் ஒரு பகுதி. அதனோடு ஒரு குப்பிச் சாராயம்.

இக் குப்பியைப் பற்றியதே இக்கட்டுரை. குடியின் தீமையைப் பொதுவாகப் பேசிய நூல்கள் தமிழில் நிறைய உள்ளன. யாம் இங்கு எடுத்துக்கொண்டது, இசை நிகழும் இடத்திலேயே, இசை நிகழும் வேளையிலேயே, நிகழ்த்துவோர்க்கு ஊற்றிக் கொடுக்கப்படும் குடியை. இதனை இசைவாணரின் தீய பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து போவார் பலர். அஃது உண்மையில் பாதியே. மற்றப் பாதி, ஊற்றிக் கொடுப்பவனிடத்தில் உள்ளது. இசைவாணனுக்கு நீட்டப்படும் குப்பி அவன் கூலியைக் குறைக்கின்றது. அவன் கலையைக் கெடுக்கின்றது. எல்லாவற்றினும் மேலாக, அவன் மதிப்பைத் தின்கின்றது. ஆதலின் இவ் வழக்கத்தை ஒழிக்கும் கடமை குடிப்பவனைவிடக் கொடுப்பவனுக்கே முதற்கண் உரியது என்பது எம் கருத்து.

வழக்கம் நடைபெறும் முறையை முதலிற் பார்ப்போம். சாவு வீட்டில் பறையடிக்க வருபவர் காலையில் வந்து மாலை வரையிலும், சில இடங்களில் இரவு முழுமையும் நிற்கின்றனர். வெயிலில் அமர இடம் இராது. குடிக்க நீர் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் சாராயம் மட்டும் கேளாமலே வந்துவிடும். திருவிழாவில் சாமி உலா புறப்படுமுன் விழாக்குழுவினருள் ஒருவர் மேளக்காரரைத் தனியே அழைத்துப் போய் ‘ஏற்பாடு’ செய்துவிட்டு வருவார். ஊர்ப்புற மெல்லிசை மேடைகளிலோ, மேடையின் பின்புறத் திரைக்கு அப்பால் அவ் ‘ஏற்பாடு’ இருக்கும். ‘உள்ளே போனால்தான் கை வேகமாக ஓடும்’ என்பது இவ் விடங்களில் எல்லாம் வழங்கும் ஒரே பேச்சு. கொடுப்பவனும் அதனைச் சொல்கின்றான். நாளடைவிற் குடிப்பவனும் அதனையே நம்பிவிடுகின்றான்.

இப்பேச்சு உண்மையா என்பதை இசைக்கருவிகளைக் கொண்டே ஆராய்வோம்.

நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவ் வேழு துளைகளைக் கொண்டே பண்களின் நுண்ணிய அசைவுகள் அத்துணையையும் இசைவாணர் பிழிந்து தருகின்றார். ஒரு துளையை முழுதும் திறப்பது வேறு. பாதி திறப்பது வேறு. காற்பங்கு திறப்பது வேறு. அதனோடு மூச்சின் அழுத்தமும், நாணற் சீவாளியை இதழ்கள் பற்றும் இறுக்கமும் நெகிழ்ச்சியும் ஒத்துவரல் வேண்டும். இம் மூன்றில் ஒன்று மயிரிழை பிசகினும் ஒலி நிலை தவறும். தவிலோ, ஒருபுறத் தோலை விரற்கூடுகள் அணிந்த விரல்களும் மணிக்கட்டும் தாக்க, மறுபுறத் தோலைக் கோல் தாக்க, இரு கைகளும் இரு வேறு கணக்குகளை ஒரே காலத்தில் நடத்தும் கருவி. பறையையும் எளிதென எண்ணவேண்டா. நெருப்பிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றும் பக்குவத்திலேயே அதன் கலை தொடங்கிவிடுகின்றது. குட்டையாய்த் தடித்த அடிக்குச்சி ஒரு கையிலும், நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி மறு கையிலும் இருக்க, கால்கள் அடவு போட, பக்கத்தில் நிற்பவனின் அடியோடு தன் அடி ஒன்றிப்போகவேண்டும். பத்துப் பேர் அடித்தாலும் ஒரே பறை அதிர்வதாகக் கேட்பதே பறையின் சிறப்பு.

சாராயம் இக் கருவிகளை இயக்கும் மாந்தனை என்ன செய்கின்றது? அது முதலில் மழுக்குவது, தன் செயலைத் தானே எடைபோடும் அறிவை. அதன் பின்னர், உடலசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை தளர்கின்றது. விரல்களின் நுண்ணசைவும், கால அளவை உணரும் திறனும் ஒருங்கே குன்றுகின்றன. உடலின் நீரைச் சாராயம் வெளியேற்றுவதால் வாயும் தொண்டையும் உலர்கின்றன. பாடுவோரின் குரல்நாண்கள் வறள்கின்றன. சீவாளி பற்றும் இதழ்கள் காய்கின்றன. இவ் வரிசையை நோக்குக. திறமை குறையுமுன்னரே, திறமை குறைகின்றது என்று கண்டுகொள்ளும் அறிவு குறைந்துவிடுகின்றது. அதனாலேதான், குடித்து வாசிப்பவன் தான் வழக்கத்தைவிட நன்றாக வாசிப்பதாக மெய்யாகவே எண்ணுகின்றான். அவன் பொய் சொல்லவில்லை; அவனுடைய துலாக்கோல் பழுதுபட்டுவிட்டது.

திருவள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தின் முடிவில் ஒரு வழி காட்டுகின்றார். குடிப்பவன், தான் குடியாதிருக்கும் ஒரு பொழுதில், குடித்திருக்கும் இன்னொருவனைப் பார்த்துத் தன் நிலையை உணர்ந்துகொள்ளலாகாதா என்று அவர் கேட்கின்றார். இன்று அதற்கு இன்னொருவனைத் தேடவேண்டிய தேவையும் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதும். நேற்றிரவு வாசித்ததைப் பதிந்து வைத்து, இன்று காலை தெளிந்த உள்ளத்தோடு கேட்கட்டும். எந்த இடத்தில் கால அளவு தளர்ந்தது, எந்த இடத்தில் ஒலி நிலை தவறியது, எந்த இடத்தில் உடன் வாசிப்பவன் தடுமாறித் தாங்கிப் பிடித்தான் என்பதெல்லாம் அவன் காதே அவனுக்குச் சொல்லும். இசைவாணனுக்கு அவன் காதைவிடப் பெரிய நடுவர் எவர்?

இனி, குடிப்போர் தரப்பில் உள்ள ஓர் உண்மையையும் மறைத்தலாகாது. மேடை அச்சம் என்பது மெய்யாகவே உள்ளது. ஆயிரங் கண்கள் தன்னையே நோக்கும்போது கை நடுங்குவதும், வாய் உலர்வதும், நெஞ்சு படபடப்பதும் தேர்ந்த கலைஞர்க்கும் நேர்வன. சிறிது சாராயம் அந் நடுக்கத்தைச் சிறிது நேரம் அடக்குகின்றது என்பதும் உண்மையே. ஆனால் அவ் வுதவி கடனாகக் கிடைப்பது. அதற்கு வட்டி கட்டவேண்டும். மயக்கம் இறங்கும்போது நடுக்கம் முன்னினும் மிகுதியாகத் திரும்புகின்றது. அதனை அடக்க முன்னினும் மிகுதியாக ஊற்றவேண்டியதாகின்றது. முதலாண்டு அரைக் குவளைக்கு அடங்கிய கை, பத்தாம் ஆண்டு ஒரு குப்பிக்கும் அடங்குவதில்லை. இறுதியில், குடித்தால் வாசிக்க முடியாது. குடியாவிட்டாலும் வாசிக்க முடியாது என்னும் இருதலைக் கொள்ளி நிலையில் அக் கலைஞன் நிற்கின்றான். அச்சத்துக்கு மருந்து பயிற்சி. மேடைக்கு முன் சிறிது தனிமை. மூச்சை நிதானமாக இழுத்து விடல். உடன் வாசிப்போரின் ஆறுதல் மொழி. மிகுதியாயின் மருத்துவர் உள்ளார். சாராயக் கடை மருந்துக்கடை அன்று.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கூலியும் புகழும் குவிந்து கிடக்கும் மேலை நாட்டு மேடைகளிலும் இதுவே நிகழ்கின்றது. ‘இலெட் செப்பலின்’ என்னும் ஆங்கில இசைக்குழுவின் முழவறைஞர் சான் போனாம், 1980 ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்களில், இசைச் சுற்றுலாவுக்கான ஒத்திகையின் நாளிலே அளவிறந்து குடித்து, மறுநாள் உயிரற்றுக் கிடந்தார். அப்போது அவர்க்கு அகவை 32. அக் குழுவும் அவ்வாண்டு இறுதியிலேயே கலைந்தது. அண்மைக் காலத்தில், ஏமி வைன்அவுசு என்னும் ஆங்கிலப் பாடகி 2011 ஆம் ஆண்டு சூன் 18 ஆம் நாள் செர்பிய நாட்டுப் பெல்கிரேடு நகரில் மேடையேறினார். கால் தள்ளாட, சொற்கள் மறந்துபோக, தாம் எந்நகரில் நிற்கின்றோம் என்பதும் தெளிவில்லாமல் அவர் நின்றதைக் கண்டு, கூடியிருந்த பெருங்கூட்டம் இகழ்ந்து கூவியது. அச் சுற்றுலாவே நிறுத்தப்பட்டது. ஐந்து கிழமைகள் கழித்து, சூலைத் திங்கள் 23 ஆம் நாள், இலண்டனில் தம் வீட்டில் அவர் இறந்தார். வண்டி ஓட்டுவோர்க்கு அந்நாட்டுச் சட்டம் ஒப்பும் அளவைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட சாராயம் அவர் குருதியில் இருந்தது. அவர்க்கு அகவை 27. அவரது குரல் குடியினால் வந்ததென எவரும் சொல்ல மாட்டார். அக் குரலைக் குடி கொண்டுபோயிற்று என்பதை மட்டும் ஞாலம் அறியும்.

‘மேலை நாட்டை விடுங்கள், உங்கள் கழக இலக்கியமே கள் மணக்கின்றதே! பாணனும் பொருநனும் கள்ளுண்டு பாடவில்லையா? அதியமானோடு ஔவையார் கள் பகிரவில்லையா?’ என்று எம்மைக் கேட்போர் உளர். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியே இது. மறைக்க யாதும் இல்லை, பகிர்ந்தனர். ஆனால் கள்ளை மட்டும் கண்டு, அது பகிரப்பட்ட முறையைக் காணாமல் விடுவது இலக்கியத்தைப் பாதி படிப்பதாகும்.

முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்க. தடாரிப் பறையோடு கந்தல் உடையில் வந்து நிற்கும் பொருநனைக் கரிகாற் பெருவளத்தான் உறவினனைப் போல எதிர்கொள்கின்றான். தன் கண் பார்வைக்கு அருகிலேயே அமர்த்துகின்றான். நுண்ணிய புத்தாடை உடுத்துகின்றான். தேறல் பொற்கலத்தில் வருகின்றது. அதன் பின்னர் உணவு. நாள் கணக்கில் விருந்து. பொருநன் விடைபெறும்போது வெண்குதிரை பூட்டிய தேரில் அவனை ஏற்றி, ஏழடி பின்சென்று வழிவிடுகின்றான், சோழ வேந்தன்! ஔவையார் அதியமானை நினைந்து அரற்றும் கையறுநிலைப் பாட்டிலும் அவர் ஏங்குவது கள்ளுக்காக அன்று. தன் கலத்தில் உள்ளதைப் புலவர்க்கு முதலில் தந்த கைக்காக, உடனமர்ந்து மகிழ்ந்த நட்புக்காக.

இப்போது நம் ஊர்ச் சாவு வீட்டுக்கு வருவோம். பறையடிப்பவனுக்கு வீட்டுக்குள் இடம் உண்டா? உறவினரோடு பந்தியில் இலை உண்டா? பொற்கலம் வேண்டா, வீட்டுக் குவளையிலேனும் நீர் உண்டா? ஒன்றும் இல்லை. வேலியோரத்தில், மாட்டுக் கொட்டகையின் மறைவில், தூக்கியெறியும் நெகிழிக் குவளையில் சாராயம் மட்டும் உண்டு. கரிகாலன் கொடுத்தவற்றுள் ஏனைய எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கள்ளை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘இது நம் பண்டை மரபு’ என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! ஏழடி பின்செல்வதன்றோ மரபு? அதனை ஏன் விட்டுவிட்டோம்?

இன்னும் ஒன்று. அன்றைய கள் மரத்தின் சாறு புளித்தது. அதில் வெறியச் சத்து நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவினதே. இன்று கடைகளில் விற்கும் சாராயக் குப்பிகளில் அது நூற்றுக்கு 42.8 பங்கு. பழம்பாட்டிலுள்ள சொல்லைக் காட்டி இக்காலத்து நஞ்சை விற்பது பொருந்தாது. அன்றியும், அக்காலத்து மக்களின் பட்டறிவெல்லாம் திரண்ட பின்னரே வள்ளுவர் தோன்றிக் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதையும் மறவற்க. மரபு என்பது தொடக்கத்தில் நின்றுவிடுவதன்று, தெளிந்து வளர்வது.

இசைவாணரின் மதிப்புக்காகத் தமிழ்நாட்டில் நடந்த போராட்டங்கள் சிறியன அல்ல. தன்மதிப்பு இயக்கம் வளர்ந்துவந்த காலத்தில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் மதுரை சிவக்கொழுந்து என்னும் நாகசுர இசைவாணர் வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். மேளக்காரன் தோளில் துண்டா என்று மேற்சாதியார் சினந்தனர். எடுக்கச் சொல்லி வற்புறுத்தினர். எடுக்கவேண்டா என்று அழுத்தமாக எதிர்நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு முழத் துண்டுக்காக ஓர் ஊரே திரண்டு நின்ற காலம் அது. பின்னர்த் திருவாவடுதுறை இராசரத்தினம் (1898-1956), நாகசுரக்காரர் நின்றே வாசிக்கவேண்டும் என்றிருந்த வழக்கை மறுத்து மேடையில் அமர்ந்து வாசித்தார். 1947 ஆம் ஆண்டு விடுதலை விழாவின்போது தில்லியில் ஒலித்த நாகசுரம் அவருடையது. தோளில் துண்டு, காலில் செருப்பு, அமர ஓர் இருக்கை என்று ஒவ்வொன்றாகப் போராடிப் பெற்ற மதிப்பு இது. வெளிப்படையான இழிவை எதிர்த்து வென்ற நாம், சிரித்த முகத்தோடு வரும் இழிவை எதிர்க்க மறந்துவிட்டோம். துண்டை எடு என்றவன் பகைவன் என்பது விளங்கிற்று. குப்பியை நீட்டுபவன் நண்பனைப் போலத் தோன்றுவதால் விளங்கவில்லை, அவ்வளவே வேறுபாடு.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். எட்டுப் பேர் கொண்ட ஒரு மேளக் குழுவுக்கு 10,000 உருவா பேசப்படுகின்றது எனக் கொள்வோம். தலைக்கு 1,250 உருவா வரவேண்டும். அழைத்தவர் 2,000 உருவாவுக்குச் சாராயம் வாங்கி ஊற்றிவிட்டு, ‘எல்லாம் உங்களுக்குத்தானே செலவழித்தேன்’ என்று 8,000 உருவாவை நீட்டுகின்றார். தலைக்கு 1,000 உருவா வீட்டுக்குப் போகின்றது. எண்மரில் குடியாதவர் ஒருவர் இருப்பாராயின், குடியாமலே 250 உருவா இழக்கின்றார். இதனைத் தட்டிக் கேட்கலாமெனில், குடித்திருப்பவன் பேச்சை எவர் மதிப்பார்? ‘போதை தெளிந்து வா, பேசிக்கொள்ளலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். கூலி கேட்கும் வாயைக் கூலி கொடுக்கும் நேரத்தில் குழறச் செய்வதைவிட வலிய சூழ்ச்சி வேறென்ன உண்டு?

இதன் வினை எங்குப் போய் முடிகின்றது என்பதை வகுப்பறையில் யாம் கண்டுள்ளோம். எம் வகுப்பில் ஒரு மாணாக்கன். தவில் வாசிப்பவர் மகன். பங்குனி, சித்திரைத் திங்கள்களில் திருவிழாவுக்கு மறுநாள்தொறும் பள்ளிக்கு வாரான். ஒருநாள் தனியே அழைத்துக் கேட்டோம். தந்தையார் நிலையிழந்து கிடக்கும் இடம் தேடிப் போய், தவிலை ஒரு தோளிலும் அவரை ஒரு தோளிலுமாக வீட்டுக்குக் கொண்டுவருவது அவன் வேலை என்றான். ‘நீயும் தவில் கற்றுக்கொள்கின்றாயா?’ என்றோம். ‘கை எல்லாம் வரும் ஐயா, ஆனால் அந்த வேலைக்கு நான் போகமாட்டேன்’ என்றான். அவ் வகுப்பிலேயே அவனளவு தாளம் பிடிபட்ட பிள்ளை வேறொருவனும் இல்லை. மேசையில் அவன் விரலால் தட்டும் தட்டிலேயே அது தெரியும். அவன் வெறுத்தது தவிலை அன்று. தவிலோடு நாம் ஒட்டிவைத்த குப்பியை. தலைமுறை தலைமுறையாகக் கையில் இறங்கிவந்த ஒரு கலை, அவ் விடத்தில் அறுந்துபோகின்றது. தமிழிசை அழிகின்றதே என்று மேடைகளில் வருந்துவோர், அஃது எங்கு அறுகின்றது என்பதை இங்குக் காணலாம்.

இனி ஓர் ஓரவஞ்சனையையும் சுட்டாதிருத்தல் இயலாது. நகரத்துக் குளிரூட்டிய அரங்குகளில் வாசிக்கும் பெரும்புகழ்க் கலைஞர் ஒருவர் குடிப்பாராயின், அது கலைஞரின் தனி வாழ்க்கை. மேதைமையின் ஒரு கூறு என்றுகூட எழுதுவார்கள். தெருவில் பறையடிப்பவன் குடித்தால் அஃது அவன் சாதியின் குணம்! ஊற்றிக் கொடுத்தவனும் அவனே. இழித்துச் சொல்பவனும் அவனே. பறைக்கும் குடிக்கும் எத் தொடர்பும் இல்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகின்றது; குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் வெவ்வேறு பறை உண்டு. அஃது ஒரு குலத்துக்கு இட்ட வேலை அன்று. தமிழ் நிலத்தின் குரல். திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுப் பெண்டிர் பறை ஏந்தி அடவு போட்டு ஆடுவதைக் கண்டார் எவரும், பறை முழங்கக் குடி வேண்டும் என்று சொல்லத் துணியார். பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசான் அவர்கட்கு 2025 ஆம் ஆண்டு நடுவணரசு பத்மசிறீ விருது அளித்தது. ஒருபுறம் விருது, மறுபுறம் வேலியோரத்து நெகிழிக் குவளை என்பது ஒரு மக்களினத்துக்கு அழகாகுமா?

‘அரசே கடை திறந்து விற்கும்போது ஊரில் ஒருவரை மட்டும் குறை கூறலாமா?’ எனின், அரசின் பங்கையும் யாம் மறக்கவில்லை. 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948 இல் சென்னை மாநிலம் முழுமைக்கும் விரிந்த குடிவிலக்கு, 1971 இல் தளர்த்தப்பட்டது, 1974 இல் மீண்டும் வந்தது, பின்னரும் தளர்ந்தது. 1983 இல் ‘டாசுமாக்’ நிறுவனம் தோன்றிற்று. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அந்நிறுவனமே நடத்துகின்றது. 2023-24 ஆம் ஆண்டில் இதனால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி உருவாவுக்கும் மேல். அவ் வருவாயின் சுவை கண்ட ஆட்சி, எக் கட்சியினதாயினும், தானாக அதனை விடாது. அதற்கான போராட்டம் வேறு. அது நடந்தே தீரவேண்டும். ஆனால் நம் வீட்டு மணத்துக்கும், நம் தெருத் திருவிழாவுக்கும், நம் தந்தையின் இறுதி ஊர்வலத்துக்கும் அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? கடையைத் திறந்து வைத்தது அரசு. குப்பியை வாங்கிவந்து இசைவாணன் கையில் வைப்பது நம் கை. நம் கையை நாம் மடக்கிக்கொள்ள எவர் ஒப்புதல் வேண்டும்?

ஆகலின் யாம் வேண்டுவன இவை. ஒன்று: இசைவாணரை அழைப்போர், பேசும் கூலியை முழுமையும் பணமாகவே, நிகழ்ச்சி முடிந்த அன்றே கொடுத்தல் வேண்டும், அதிற் குடிச்செலவு என ஒரு காசும் கழிக்கலாகாது. இரண்டு: அமர நிழல், குடிக்க நல்ல நீர், வீட்டாரோடு ஒரே பந்தியில் உணவு, இரவு நிகழ்ச்சியாயின் இடையே ஓய்வு, திரும்பிச் செல்ல ஊர்தி ஆகியவற்றை ஏற்பாடு செய்தல் வேண்டும். களைப்புக்காகக் குடிக்கின்றார் என்பது உண்மையாயின், களைப்பைத் தீர்ப்பவை இவையே. மூன்று: விழாக்குழுவினர், ‘இவ் விழாவில் கலைஞர்க்குக் குடி கொடுக்கப்படமாட்டாது’ என்று முன்கூட்டியே தீர்மானம் செய்து கலைஞர்க்கும் தெரிவித்தல் வேண்டும். நான்கு: இசைக்குழுத் தலைவர்கள், குடித்துவிட்டு வருபவர் எத்துணைத் திறமுடையராயினும் அன்று கருவியைத் தொடலாகாது என்னும் விதியைத் தம் குழுவுக்குள் வகுத்துக்கொள்ளல் வேண்டும். குடிநோயில் ஆழ்ந்துவிட்டவரை இழித்து விலக்காமல் மருத்துவம் பெறச் செய்தலும் அவர்தம் கடமையே. நெடுநாள் குடித்தவர் திடுமென நிறுத்தினால் உடல் நலிவுறும் ஆதலின், மருத்துவர் துணை அதற்கு இன்றியமையாதது.

இசைத்தொழில் செய்யும் உடன்பிறப்புகளே! உங்களை ஒழுக்கம் கற்பிக்க யாம் இதனை எழுதவில்லை. உங்கள் கையிலுள்ளது உங்கள் கருவி மட்டும் அன்று. எம் இனத்தின் குரல் அது. அக் கையை நோக்கி ஒருவன் குப்பியை நீட்டும்போது, அவன் உங்களுக்குத் தருவது யாது, உங்களிடமிருந்து எடுப்பது யாது என்று ஒரு நொடி எண்ணுங்கள். ‘இது வேண்டா, என் கூலியை எண்ணி வை’ என்று சொல்லுங்கள். அச் சொல்லைச் சொல்ல, தெளிந்த நாக்கு வேண்டும்.

ஏனையோர்க்கும் ஒரு சொல். அடுத்த முறை உங்கள் வாயிலில் மேளம் முழங்கி ஓய்ந்ததும், வாசித்தவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, இலை போட்டு அமர்த்திக் கூலியைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். அவர் புறப்படும்போது தெரு முனை வரை உடன் செல்லுங்கள். ஏழடி போதும்.